பெரட்டுக்களம் கேட்ட கதை

1

நான் கனடாவில் வந்து இறங்கி இருபத்தெட்டு வருஷம் முடிந்த அன்று காலையில் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. வாழ்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாத நாளில் நகரசபையாவது நம்மை நினைத்ததே என்று பிரித்தேன்.

எங்கள் நகரம் சின்னது. டொரொண்டோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஆனால் பல நாட்டு ஆட்கள் இருப்பதால் எந்தக் கடிதம் வந்தாலும் எட்டு மொழியில் வரும். தமிழ்ப் பக்கத்தில் இப்படி இருந்தது: "உங்கள் குடியிருப்புக்கு அருகில் அமையவிருக்கும் புதிய தரிப்பிடத்தைத் திட்டமிட உங்கள் ஆலோசனைகளை வரவேற்கிறோம்."

தரிப்பிடம் என்றால் வண்டி நிறுத்தும் இடம். அதற்கு என் ஆலோசனை எதற்கு என்று கீழே படித்தால், "தரிப்பிடத்தில் எவ்வகை மரங்களை விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. "தரிப்பிடத்தில் குழந்தைகள் விளையாட என்ன வசதி வேண்டும்?" என்று இன்னொன்று. அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் பூங்காவும் பார்க், வண்டியை நிறுத்துவதும் பார்க். மொழிபெயர்த்த புண்ணியவான் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்.

ஐந்தாம் மாடிப் பவளம் அக்காவும் அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா யாழ்ப்பாணம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "கார் விடுற இடத்திலை பிள்ளையள் விளையாடுறதோ? இவங்களுக்கு என்ன விசரே?" என்றார். நான் விளக்கியதும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

நாங்கள் இருவரும் தினமும் காலையில் எட்டு மணிக்கு நடக்கப் போவோம். எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. அதை இடித்துவிட்டார்கள். கம்பி வேலி போட்ட அந்த வெறும் நிலத்தைச் சுற்றி நான்கு சுற்று. சோமாலியா நாட்டு ஹலிமாவும் வருவார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. மூட்டுவலியைப் பற்றிப் பேச மொழி தேவையில்லை. பூங்கா வரப்போவது அந்த நிலத்தில்தான்.

2

இதை எழுதுகிற என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் புஷ்பம். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசனில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கினிகத்தேனையில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். அவர் முன்னால் இங்கே வந்து, பிறகு என்னை அழைத்துக்கொண்டார். முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. முழங்காலில் அறுவை நடந்த பிறகு வேலையையும் விட்டுவிட்டேன். மகள் ஷாலினி கல்கரியில் இருக்கிறாள். பிளேனில் நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். தங்கமான பிள்ளை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இந்த 'மட்டும்' என்கிற வார்த்தை எனக்கு முன்பு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் எலேன்.

எலேன் என் மாடியில் கடைசி வீட்டுக்காரர். ஒன்பது வருஷம் லிஃப்டில் "குட் மார்னிங்" சொல்லியிருக்கிறோம். குளிர் அதிகம் என்று அவர் சொல்வார், ஆமாம் என்று நான் சொல்வேன். போன பனிக்காலத்தில் ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. அவர் இறந்து ஆறு நாளாகி இருந்ததாம். அந்த ஆறு நாளும் நான் அந்தக் கதவைத் தாண்டித்தான் குப்பை போடப் போயிருக்கிறேன். லிஃப்டில் குட் மார்னிங் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குள் வந்து விரல்விட்டு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை ஷாலினி போனை வைத்ததும் எனக்கு ஏதாவது ஆனால், அடுத்த ஞாயிறு வரை யாருக்குத் தெரியும்? நடக்கப் போகாவிட்டாலும் முழங்கால் வலி என்றுதான் பவளம் அக்கா நினைப்பார். எனக்கும் அதே ஆறு நாள்தான். சாவதற்குப் பயமில்லை. கேட்க ஆளில்லாமல் கிடப்பதற்குத்தான் பயம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

3

முதல் கூட்டம் நூலக மண்டபத்தில் நடந்தது. தமிழ் ஆட்களில் பாதிப்பேர் வண்டி நிறுத்துகிற விஷயம்தானே என்று வரவில்லை. வந்த பாதிப்பேர் வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று சண்டை போட வந்திருந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆனது.

பூங்காவைத் திட்டமிடும் அதிகாரி கேத்தரின் என்ற பெண். வயது நாற்பதுக்குள் இருக்கும். எங்கள் மேசைக்கு மொழிபெயர்க்க, சென்னையிலிருந்து படிக்க வந்திருக்கும் நித்யா உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் ஒரு கட்டு மஞ்சள் துண்டுக் காகிதம். விரும்புவதை எழுதி வரைபடத்தில் ஒட்ட வேண்டும். பவளம் அக்கா "முருங்கை மரம்" என்று ஒட்டினார். இந்தக் குளிரில் முருங்கை வராது என்று நித்யா சொன்னதற்கு, "வராட்டில் என்ன, விருப்பம்தானே கேட்டவை" என்றார். அதோடு மூட்டுக்கு மாத்திரை போடும் நேரம் என்று சீக்கிரமே கிளம்பியும் போய்விட்டார்.

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூச்செடி வேண்டுமா? ஊஞ்சல் வேண்டுமா? எனக்கு எதிலும் மனம் போகவில்லை. எலேன் கதவுதான் ஞாபகத்தில் நின்றது. அதன் பின்னாலேயே இன்னொரு காலை ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். தோட்டத்தில் விடியற்காலையில் வேலைக்குப் போவதற்கு முன் எல்லோரும் ஒரு இடத்தில் கூட வேண்டும். அதுதான் பெரட்டு. கூடுகிற இடம் பெரட்டுக்களம். கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி சொல்வார். "ராக்கம்மா!" என்று குரல் வந்ததும் அம்மா "இருக்கேங்க!" என்பாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் பாலத்தடியில் நின்று, அம்மாவின் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் நான் போவேன்.

அன்று நல்ல பனி. முன்னால் நிற்பவர் முதுகு தெரியவில்லை. "மருதாயி!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தார். அம்மாதான் வரிசையை விட்டு வெளியே வந்து, "மருதாயி பெரட்டுக்குப் பிந்துற ஆளு இல்லீங்க. என்னமோ ஆயிருக்கு, பாக்கச் சொல்லுங்க" என்றாள். நான்கு பேர் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த ஆழமான கானுக்குள் மருதாயி கால் முறிந்து கிடந்தாள். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் குளிரிலேயே போயிருப்பாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அதனால் மஞ்சள் காகிதத்தில் "பெரட்டுக்களம்" என்று எழுதினேன்.

நித்யா அதைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது என்ன? பரோட்டா கடையா?"

"இல்லம்மா. பெரட்டு. காலையில எல்லாரும் வந்து நிப்பாங்கள்ல, பேர் கூப்புடுவாங்கள்ல, அது."

"இங்கிலீஷ்ல என்ன சொல்றது ஆன்ட்டி?"

அங்கேதான் என் வாய் எனக்கு எமனாக வந்தது. எங்கள் தோட்டத்துப் பேச்சில் பாதி, வெள்ளைக்காரத் துரைமார் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ். வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் எங்களுக்குக் கண்டாக்கு. பரேட் எங்களுக்குப் பெரட்டு. இது எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "அது இங்கிலீஷ் வார்த்தைதாம்மா. பரேட்!" என்றேன் பெருமையாக.

நித்யா எழுதினாள். கேத்தரின் படித்தார். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்ட்ரெஸ்டிங்" என்றார். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், இங்கே ஒருவர் இன்ட்ரெஸ்டிங் என்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

4

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். தம்பி ஹட்டனில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறான், கிழமைக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போவான். கூப்பிட்டாலும் அம்மா அவனிடம் போய் இருக்கமாட்டாள்.

"என்னாத்த கேட்ட?"

"பெரட்டுக்களம்மா."

"அடி எடுபட்டவளே! பிளேனு ஏறி இம்புட்டுத் தூரம் போயி, அந்த எழவெடுத்த களத்தையா கேட்ட? அங்க நின்னு நின்னுதானே எங்காலு வெறச்சுப் போச்சு?"

"இல்லம்மா, மருதாயி அக்காவ அன்னிக்கு..."

"மருதாயி கதைய நீ வச்சுக்க. எங்கதையக் கேளு. நீ கைப்புள்ள, ஒனக்குக் காய்ச்ச. புள்ளக்காம்பராவுல காய்ச்சப் புள்ளய எடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஆயாம்மா காலுல விழாத கொறையா ஒன்னைய வுட்டுட்டு ஓடியாரேன், கணக்கப்புள்ள பொஸ்தகத்த மூடிட்டாரு. 'பிந்திட்ட, வூட்டுக்குப் போ'ன்னாரு. அம்புட்டு சனத்துக்கு முன்னால. கூடைய கமுத்திப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தேன். ஒனக்கென்ன தெரியும், நீ பாலத்தடியில நின்னு வேடிக்கை பாத்த கழுத."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னது உண்மை என்பதால்தான் வந்தது. களத்தில் நின்றவள் அவள். பாலத்தடியில் நின்றவள் நான். அந்த இடத்துக்காக ஏங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கம்பெனி ஆட்களை எண்ணி வேலை வாங்குவதற்காக வைத்த இடம் அது. எங்கள் நலம் விசாரிப்பதற்காக யாரும் பெயர் கூப்பிடவில்லை. ஆனாலும் கூப்பிட்டதால்தான் மருதாயி பிழைத்தாள். இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது. "இருக்கேங்க!"

5

இரண்டாம் கூட்டத்தில் பெரிய வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். மக்கள் கேட்டது எல்லாம் எட்டு மொழியில் வரிசையாக. தமிழில் நான்காவது வரி: "இராணுவ அணிவகுப்பு மைதானம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். பரேட் கிரவுண்ட் என்று ஆங்கிலத்தில் போனது, தமிழுக்குத் திரும்பும்போது பட்டாளத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மண்டபத்தில் தமிழ் ஆட்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. யார் கேட்டது, எதற்குக் கேட்டது, எந்த இராணுவம்?

நான் எழுந்து, "நான்தாங்க கேட்டேன். ஆனா அது இராணுவம் இல்லீங்க" என்றேன். எங்கள் தோட்டத்து வழக்கத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். காலையில் எல்லோரும் ஒரு களத்தில் கூடுவோம், வரிசையில் நிற்போம், ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள், பதில் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லிக்கொண்டே பவளம் அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

நான் மருதாயி கதைக்கு வருவதற்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார்.

"நிப்பாட்டும் பிள்ளை" என்றார். சத்தம் போடவில்லை. "எங்களையும் ஒருநாள் ஆமிக்காரங்கள் விடிய மைதானத்துக்கு வரச்சொன்னவங்கள். வரிசையிலை இருக்கச் சொன்னவங்கள். என்ரை தம்பியை அவன்ரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள். அவன் 'ஓம்' எண்டு எழும்பினவன். அவ்வளவுதான். இண்டைக்கு வரைக்கும் அவன் எங்கையெண்டு தெரியாது. பேர் கூப்பிடுற இடம் எனக்கு வேண்டாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேத்தரின் நித்யாவைப் பார்த்தார். நித்யா எதையும் மொழிபெயர்க்கவில்லை. எப்படி மொழிபெயர்ப்பாள்?

பதினோரு வருஷமாக அக்காவோடு பழகுகிறேன். தம்பி ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது. அவரும் நானும் தமிழ்தான் பேசுகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரே வார்த்தை எனக்கு ஒருத்தி பிழைத்த இடம், அவருக்கு ஒருவன் போன இடம்.

மறுநாள் எட்டு மணிக்கு வேலியோரம் போய் நின்றேன். ஹலிமா வந்தார். மேலே ஐந்தாம் மாடியைக் காட்டிக் கையை விரித்தார். நானும் கையை விரித்தேன். அடுத்த நாளும் அக்கா வரவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய் அவர் வீட்டு மணிக்கு முன்னால் நின்றேன். அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிறார், அது போதும் என்று திரும்பிவிட்டேன். தினமும் அப்படியே போய் டிவி சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவேன்.

6

ஷாலினி ஞாயிற்றுக்கிழமை பேசினாள். நகரசபை இணையத்தில் போட்டிருந்த பட்டியலைப் பார்த்திருக்கிறாள். "அம்மா, நீங்க ஆர்மி கிரவுண்ட் கேட்டீங்களா?" என்று சிரித்தாள். அவள் தமிழ் பேசுவதே பெரிய விஷயம் என்பதால் நானும் சிரித்து வைத்தேன். பிறகு எலேன் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை அவளிடம் சொல்லவில்லை.

எத்தனை நாள் கழித்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள். பிறகு, "ஐ வில் ஃபிக்ஸ் இட் அம்மா" என்றாள். அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்தது. கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு சாதனம், நடுவில் சிவப்புப் பொத்தான். விழுந்தால் அதை அமுக்க வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு ஆள், "மிஸஸ் புஷ்பாம், ஆர் யூ ஓகே?" என்று கேட்பார். புஷ்பாம்!

பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்த அக்கறை அது. கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பொத்தானை நான் அமுக்க வேண்டும். பெரட்டில் நான் ஒன்றும் அமுக்க வேண்டாம். நான் வரிசையில் இல்லாமல் இருந்தாலே போதும், கேட்பார்கள். இந்த வித்தியாசத்தை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

கேத்தரின் மட்டும் விடவில்லை. எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். "நீங்கள் உண்மையில் கேட்டது என்ன? இருநூறு எழுத்துக்குள் எழுதவும்." இருநூறு எழுத்து! எங்கள் ஊரில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடவே அதற்கு மேல் ஆகும். இரண்டு நாள் யோசித்து இப்படி எழுதினேன்:

"மேலே ஒரு கூரை. கீழே பெஞ்சு. காலையில் வந்து நிற்க ஓர் இடம். ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்."

பெரட்டு என்ற வார்த்தையை எழுதவில்லை. அக்காவுக்காகத்தான் விட்டேன். விட்டபோது கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு திரும்பிய அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

7

அந்தக் கிழமை தெருவெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. அறுவை செய்த முழங்கால் வீங்கிவிட்டது. ஒருநாள் காலை எட்டு மணிக்கு நான் போகவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். போய்த்தான் என்ன? அங்கே யார் என்னைத் தேடப் போகிறார்கள்?

எட்டே முக்காலுக்குக் கதவை யாரோ தட்டினார்கள். மணி இருக்கும்போது தட்டுகிற ஆள் யார் என்று நொண்டி நொண்டிப் போய்த் திறந்தால், பவளம் அக்கா. மேல் கோட்டு போட்டு, காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. மூச்சு வாங்கியது.

"ஏன் வரேல்லை?" என்றார்.

"நீங்களும்தானேக்கா வரல, இத்தன நாளா?"

"நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு உம்மடை சிவப்புத் தொப்பி வேலிக்கரையிலை நிக்கும். இண்டைக்கு இல்லை. சோமாலிக்காரி மட்டும் நிக்கிறா. எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. லிஃப்ட் வரேல்லை, படியாலை இறங்கி வந்தனான்." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மருதாயி எண்டு ஏதோ சொல்ல வெளிக்கிட்டனீர். அண்டைக்கு நான் கேக்கேல்லை. இப்ப சொல்லும்."

சொன்னேன். கானுக்குள் கிடந்தது, அம்மா வரிசையை விட்டு வந்தது, எல்லாம் சொன்னேன். அக்கா தேத்தண்ணீரைக் குடிக்காமலே கேட்டார். பிறகு அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார். பெயர் சொன்னார், வயது சொன்னார், அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவருடையது.

எழுந்து போகும்போது, "இந்தாரும், பிள்ளை. பேர் கூப்பிடுற வேலை வேண்டாம். அது என்னாலை ஏலாது. ஆனா ஆள் வரேல்லையெண்டால் போய்க் கதவைத் தட்டலாம்" என்றார்.

மூன்றாம் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம். எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்க ஆளுக்கு மூன்று பச்சைப் பொட்டுக் கொடுத்தார்கள். வரைபடத்தின் ஒரு மூலையில் நான்கு தூணும் ஒரு கூரையும் வரைந்திருந்தது. பெயர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. அக்கா இரண்டு பொட்டை அங்கே ஒட்டினார். ஒன்றை எங்கே ஒட்டினார் என்று கேட்காதீர்கள். முருங்கையை இன்னும் விடவில்லை. கூரை முதல் கட்டத்தில் வருமா, இரண்டாம் கட்டத்தில் வருமா என்று இனிமேல்தான் தெரியுமாம். இங்கே இரண்டாம் கட்டம் என்றால் எந்தக் காலம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வரும்வரை வேலிக்கரை இருக்கிறது. எட்டு மணி இருக்கிறது.

8

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன்.

"கெடச்சிருச்சா ஒன் பெரட்டுக்களம்?" என்றாள் கிண்டலாக.

"இன்னும் இல்லம்மா. ஆனா நா ஒருநா போகல. அந்த அக்கா படியிறங்கி வந்து கதவத் தட்டுனாங்க."

அம்மா ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பாள் போல, மழைச் சத்தம் கேட்டது. "நல்லதுதான்டி" என்றாள். பிறகு, "இங்கன பக்கத்துக் காம்பராக்காரங்க கொழும்புக்குப் போயிட்டாங்க. அந்தப் பக்கத்துக் காம்பராவும் பூட்டித்தான் கெடக்கு. நா ரிட்டயரு ஆனதுலேருந்து எம்பேர யாரு கூப்புடுறா? ஆயா, கெழவின்னுதான் கூப்புடுதுங்க. பேரே மறந்துபோச்சு" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலேன் கதவைத் தாண்டி ஆறு நாள் போனதற்கு அத்தனை மருகினேனே. தம்பி கிழமைக்கு ஒரு தரம், நான் மாதத்துக்கு இரண்டு தரம். இந்த ஊரில் எனக்கு ஒரு களம் கேட்டு மூன்று கூட்டத்துக்குப் போனவள், அந்தக் களத்திலேயே நின்றவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேனா?

இப்போது தினமும் போன் போடுகிறேன். அங்கே காலை ஆறரை மணி, இங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். முதல் நாள் எடுத்ததும் அம்மா, "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணக்கப்பிள்ளை மாதிரியே இழுத்துக் கூப்பிட்டேன்.

"ராக்கம்மா!"

லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகு, நாற்பது வருஷம் பனிக்குள் ஒலித்த அதே குரல் வந்தது.

"இருக்கேங்க!"